எழுப்ப அனுமதி உள்ளவை

“ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிராதீங்க!”

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கையில் தோசைக் கரண்டியோடு, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் ஃபோனில் இப்படிக் கத்தினேன். அதற்கு முன்னால் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

“மேடம், எங்க கட்டில் ஒண்ணு ஹேங் ஆயிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்னு எங்க ஐ.டி. டீம்ல சொல்றாங்க. சாஃப்ட்வேர் உங்களோடதுங்கறதால ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு…”

“கட்டில் எப்படிங்க ஹேங் ஆகும்?”

“கட்டில்ல இருக்கிற லாப்டாப் மேடம்.”

“கட்டில்ல ஆள் இருக்காங்களா?”

“இருக்காங்க” என்றார். அப்போதுதான் கத்தினேன். தோசை கருகியது. கருகட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் பெயர் கோமதி. பாளையங்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். அது பிழைப்பு. மிச்ச நேரத்தில், பதினாறு வருஷமாக, லாப்டாப்புகளைத் தூங்கவைத்து எழுப்பும் ஒரு சின்ன மென்பொருளைப் பராமரிக்கிறேன். கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், எதற்கு என்று நான் கேட்க முடியாது. லாப்டாப்பை மூடினால் தூங்க வேண்டும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழ வேண்டும். ஒழுங்காக நடக்கும்வரை இப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. நடக்காவிட்டால் உலகத்தில் உள்ள அத்தனை பேரும் எனக்கு எழுதுவார்கள். மூடினேன், திறந்தேன், திரை கறுப்பாக இருக்கிறது, விசிறி மட்டும் சுற்றுகிறது, நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று. நானும் நல்ல வார்த்தை சொல்லிப் பழகியவள் இல்லை. லாக் அனுப்பு, லாக் இல்லாமல் என்னிடம் பேசாதே என்பேன். இயந்திரம் தான் செய்ததையெல்லாம் நிமிஷம் தவறாமல் எழுதி வைக்கும் பதிவுக்குத்தான் லாக் என்று பெயர். மனுஷன் சொல்வதைவிட அது சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் துயில் பெல்ட் வந்தது. நெஞ்சில் கட்டும் ஒரு பட்டை, கையில் ஒரு ஊசி. ஒரு மனிதரை வாரக்கணக்கில் தூங்கவைக்கும். மூச்சு பாதியாகும், பசி இருக்காது, உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று சான்றிதழும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு என்று கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆர்டர் இல்லாத மாதங்களில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. விடுதியில் வைத்திருந்தால் சாப்பாடு போட வேண்டும். தூங்கவைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. ‘நீள் ஓய்வு’ என்று அழகாகப் பெயர் வைத்து, சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போடாதவர்களுக்கு அடுத்த ஆர்டரில் வேலை கிடையாது. அப்புறம் என்ன சம்மதம்?

ஒவ்வொரு கட்டிலிலும் பெல்ட்டோடு ஒரு பழைய லாப்டாப். அதைத் தூங்கவைத்து எழுப்புவது என் மென்பொருள். நாலு வருஷம் முன்பு பேப்பரில் பார்த்துத்தான் எனக்கே தெரியும். பொங்கிப்போய் தொழிற்சாலைக்காரர்கள் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். மிக மரியாதையாகப் பதில் வந்தது. நான் எழுதிய உரிமத்தையே எனக்குத் திருப்பி எழுதியிருந்தார்கள்: எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், எந்த உத்தரவாதமும் கிடையாது. அந்த வரியை இருபத்தேழு வயதில் எவ்வளவு பெருமையாக எழுதினேன் தெரியுமா? கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

நான்குவழிச் சாலையில் வடக்கே முக்கால் மணி நேரம். மின்சுற்றுப் பலகை செய்யும் தொழிற்சாலை, பின்னால் விடுதி. வாசலில் நின்ற மனிதர் கை கூப்பினார். “தயாளன், பிளான்ட் மேனேஜர். நீங்க நேர்லயே வருவீங்கன்னு எதிர்பார்க்கலை மேடம். ஃபோன்லயே முடிஞ்சிருக்கும்.”

“என்ன முடிஞ்சிருக்கும்?”

அவர் விடுதிக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு கட்டில்கள் என்று பிறகு சொன்னார்கள். இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகப் பெண்கள். எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஒரே மாதிரி பச்சைப் போர்வை. ஒவ்வொரு தலைமாட்டிலும் மூடிய லாப்டாப். பகல் பத்தரை மணிக்கு அத்தனை பேர் தூங்கும் இடத்தில் ஒரு குறட்டைச் சத்தம்கூட இல்லை.

நூற்றுப் பதினேழாவது கட்டிலருகே தரையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதை நெருங்கியவர், கையில் மஞ்சள் பை. விடுதி வார்டன் அவர் பக்கத்தில் நின்றார். லூர்தம்மாள் என்று பெயர். ஒல்லியான உடம்பு, தோளில் ஈரத் துண்டு.

“இவுகதானா?” என்று உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். “தாயி, எம் பேரு செல்லக்கனி. வெளாத்திகுளம் பக்கம். இது எம் மக முத்துப்பேச்சி. செவ்வாக்கெழமை ஊர்ல கோயில் கொடை. கொடைக்கு எழுப்பி அனுப்பிருவோம்னு சொல்லித்தான் இவகிட்ட கையெழுத்து வாங்குனாக. வியாழக்கெழமை வந்தேன். இந்தா எழுப்புதோம், அந்தா எழுப்புதோம்னு மூணு நாளா இங்ஙனயே உக்காந்திருக்கேன். உசிரு இருக்கா, இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க.”

“இருக்குக்கா” என்றேன். முத்துப்பேச்சியின் நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. “உயிருக்கு ஒண்ணுமில்ல. என்ன நடந்துச்சுன்னு பாக்கேன்.”

லாப்டாப்பைத் திறந்தேன். திரை கறுப்பு. விசிறி சுற்றுகிறது. வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து நெட்வொர்க் வழியாக இந்த ஒரு கட்டிலுக்கு மட்டும் எழுப்பும் கட்டளை அனுப்பியிருக்கிறார்கள். லாப்டாப் பாதி எழுந்து, அப்படியே நின்றுவிட்டது.

“இதை ஏன் மேடம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணக் கூடாது?” என்றார் தயாளன். “எங்க வீட்டு லாப்டாப்ல அப்படித்தான் பண்றோம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்க வீட்டு லாப்டாப்ல பொண்ணு படுத்திருக்கா? இந்தப் பொண்ணு எவ்வளவு ஆழத்துல தூங்குறா, மருந்து எந்த அளவுல போகுது, எல்லாம் இந்த லாப்டாப்போட நினைவுல மட்டும்தான் இருக்கு. ஆஃப் பண்ணா அது அழிஞ்சிரும். திரும்ப வரும்போது பெல்ட்டுக்கு இவ யாருன்னே தெரியாது. ஆள் முழிச்சிருக்காங்கன்னு நெனச்சு எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திரும். வடக்க ஒரு மில்லுல அப்படிப் பண்ணாங்க. அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்துட்டா. பேச்சு இன்னும் வரலை.”

செல்லக்கனி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் முன்னால் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு எப்போதும் இப்படித்தான், கோபம் முன்னால் போகும், நான் பின்னால் போவேன்.

கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்தினேன். சின்ன விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது. எனக்கு மூச்சு வந்தது.

“என்ன தாயி?”

“இதுக்கு உள்ள உயிர் இருக்கு. நான் தட்டினா கேக்குது. கண்ணு மட்டும்தான் தெரியலை. திரையும் நெட்வொர்க்கும் எந்திரிக்கலை, மத்ததெல்லாம் எந்திரிச்சிருக்கு.”

திரை தெரியாவிட்டால் என்ன, விரலுக்குத் தெரியும். கறுப்புத் திரையைப் பார்த்தபடியே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்து முனையத்துக்கு மாறினேன். “பாஸ்வேர்டு என்ன?” என்று கேட்டேன். தயாளன் ஐ.டி. ஆட்களுக்கு ஃபோன் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. கம்பெனி பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது, நேரமில்லை. குருடி மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஒரு எழுத்து தப்பினால் தப்பியது தெரியாது. நெட்வொர்க் அட்டையின் இயக்கியை, அதாவது டிரைவரை, கழற்றி மறுபடி மாட்டும் கட்டளை. முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. கை வியர்த்ததைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை அடித்தேன். பக்கவாட்டில் இருந்த பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது.

“வந்துட்டு” என்றேன். என்னையறியாமல் செல்லக்கனியின் தோளைப் பிடித்திருந்தேன்.

என் லாப்டாப்பைத் திறந்து, நெட்வொர்க் வழியாக நூற்றுப் பதினேழுக்குள் நுழைந்தேன். முத்துப்பேச்சியின் கணக்கு எல்லாம் பத்திரமாக இருந்தது. நாற்பத்தோரு நாள் தூக்கம்.

“அப்ப எழுப்புற கமாண்டை அனுப்பிடலாமே?” என்றார் தயாளன். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. 

“பொறுங்க. லாக் பாக்கணும். பாதி எந்திரிச்ச மெஷினு. எங்க நிக்குன்னு தெரியாம அனுப்ப முடியாது.”

படித்தேன். லாப்டாப் ஏன் தடுக்கியது என்பது பத்து நிமிஷத்தில் புரிந்தது. ஒரு பழைய திரை இயக்கி, எனக்குப் பழகிய நோய்தான். ஆனால் அந்த வரிகளுக்கு நடுவில் வேறொரு வரி திரும்பத் திரும்ப வந்தது. பெல்ட்: எழ வேண்டுகோள். புறக்கணிக்கப்பட்டது. கொஞ்சம் கீழே மறுபடி. பெல்ட்: எழ வேண்டுகோள். புறக்கணிக்கப்பட்டது. பதினாலு, பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை. இன்று காலை. நேற்று. அதற்கு முந்தைய நாள். லாப்டாப் தூங்கிக்கொண்டிருந்த நாட்களுக்கு பெல்ட்டே தனியாக எண்ணி வைத்திருந்தது. தூங்கிய ஆறாம் நாளிலிருந்து மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. தூங்குபவரின் உடம்பு, எழ வேண்டும் என்று நினைத்தால், பெல்ட் வழியாக லாப்டாப்பைத் தட்டும். வலித்தாலோ பயந்தாலோ, இல்லை சும்மா போதும் என்று தோன்றினாலோ. பெல்ட்டைக் கண்டுபிடித்தவர்கள் வைத்த வாசல் அது. தட்டினால் லாப்டாப் எழுந்து, ஆளைப் பக்குவமாக மேலே கொண்டுவர வேண்டும். முத்துப்பேச்சி முப்பத்தைந்து நாளாகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

யார் இதைப் புறக்கணிக்கச் சொன்னது? அமைப்புக் கோப்பைத் திறந்தேன். ‘எழுப்ப அனுமதி உள்ளவை’ என்று ஒரு பட்டியல். மூடி: தடை. விசைப்பலகை: தடை. பவர் பொத்தான்: தடை. பெல்ட்: தடை. நெட்வொர்க்: அனுமதி. அலுவலகம் கூப்பிட்டால் மட்டும் எழலாம். பெல்ட் வரிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். ‘தானாக எழுந்துகொள்ளும் பிரச்சினைக்குத் தீர்வு. கோமதி மேடம் ஆலோசனைப்படி. நிவாஸ்.’

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மென்பொருளின் இணைய மன்றத்தில் நிவாஸ் என்று ஒருவர் எழுதினார். லாப்டாப்பைத் தூங்கவைத்தால் சில மணி நேரத்தில் தானாக எழுந்துகொள்கிறது, இருநூறு மெஷினிலும் இதே கதை, உதவுங்கள் என்று. இந்தப் பிரச்சினை எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. எழுப்ப அனுமதி உள்ளவை எவை எவை என்று பட்டியல் எடு, ஒவ்வொன்றாகத் தடை போட்டுப் பார், எதைத் தடுத்ததும் மெஷின் ஒழுங்காகத் தூங்குகிறதோ அதுதான் குற்றவாளி என்றேன். இரண்டு நாளில் கண்டுபிடித்து வந்தார். பெல்ட் என்று ஒரு சாதனம் என்றார். லாக்கும் அனுப்பியிருந்தார். சளசளவென்று பேசிக்கொண்டே இருக்கிற சாதனம், அதன் வாயை மூடு, நிம்மதியாக இரு என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மை ஒன்றும் போட்டேன். பெல்ட் என்றால் என்ன பெல்ட் என்று கேட்கவில்லை. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்து, கடிதம் எழுதி, கிழித்துப் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது அப்போது. இருநூறு மெஷின், பெல்ட். ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். நிவாஸ் நன்றி சொன்னார். நான் அந்த உரையாடலை, நல்ல உதாரணம் என்று கையேட்டில் சேர்த்தேன்.

“என்ன தாயி, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு?” என்றார் செல்லக்கனி.

திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக்கொண்டேன். நிவாஸின் குறிப்பு தெரியாதபடி அந்தக் கோப்பை மூடினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைத்தான் செய்தேன். பிறகு எழுந்து, தயாளனைப் பார்த்துக் கத்தினேன்.

“இந்தப் பொண்ணு முப்பத்தஞ்சு நாளா எந்திரிக்கணும்னு கேட்டுக்கிட்டிருக்கா! தெரியுமா உங்களுக்கு?”

“அது… அந்த பெல்ட்ல அப்பப்ப ஃபால்ஸ் சிக்னல் வரும் மேடம். தூக்கத்துல புரண்டு படுக்கிற மாதிரி. டெக்னிக்கலா சரி பண்ணிட்டோம்னு சொன்னாங்க.”

“புரண்டு படுக்கறது வேற கணக்குல இருக்கு. நானே பாத்தேன். இது கேக்கறது. எழுப்பு எழுப்புன்னு கேக்கறது.”

“நான் அன்னிக்கே சொன்னேன் சார்” என்றார் லூர்தம்மாள். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. “தெனமும் மொகம் தொடைக்கறவ நான். இந்தப் பிள்ளையளுக்குக் கண்ணு ஓரமா தண்ணி வடிஞ்சிருக்கும். போயிச் சொன்னேன். கண்ணு உறுத்துது போலன்னு சொட்டு மருந்து வாங்கிக் குடுத்தீங்க.”

தயாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“இப்ப எழுப்பிருங்களேன்” என்றார் செல்லக்கனி. “சண்டையப் பெறவு போடலாம்.”

“எழுப்புதேன்க்கா. ஆனா ஆபீஸ் கட்டளைய வச்சு எழுப்பப் போறதில்ல. அது ஆளு அடியாழத்துல இருக்குன்னு நெனச்சுக்கிட்டு மருந்தக் குடுத்து ஒரேயடியா இழுக்கும். இவ அடியாழத்துல இல்ல, தட்டித் தட்டி பாதி தூரம் மேல வந்து நிக்கா. அவளா ஏறி வரட்டும். நான் கதவ மட்டும் தெறக்கேன்.”

பெல்ட் வரியில் ‘தடை’யை அழித்து ‘அனுமதி’ என்று மாற்றினேன். இனி அவள் அடுத்த முறை தட்ட வேண்டும். கடைசியாகத் தட்டி ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

காத்திருந்தோம். அவள் தட்டிப் பத்து நிமிஷம். பதினாலு நிமிஷம். பதினைந்து தாண்டியது. மூவாயிரம் தடவை கேட்டு அலுத்துப்போய், இன்றைக்குப் பார்த்து விட்டுவிட்டாளோ என்று பயந்தேன். செல்லக்கனி மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, இன்னொருக்கக் கூப்புடுட்டி, ஒரே ஒருக்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பதினெட்டாவது நிமிஷம் அந்த வரி வந்தது. பெல்ட்: எழ வேண்டுகோள். ஏற்கப்பட்டது.

“மெஷினுக்குக் கேட்டுட்டு” என்றேன். “இவ நிக்கற ஆழத்துக்கு இனி முக்கால் மணி நேரம் ஆகும். மெதுவாத்தான் வரணும்.”

அந்த முக்கால் மணி நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. ஒரே பாஸ்வேர்டு என்றுதான் சொன்னார்களே. நெட்வொர்க் வழியாக மற்றக் கட்டில்களின் லாப்டாப்புகளை எழுப்பி, ஒவ்வொரு பெல்ட்டும் எண்ணி வைத்திருந்த கணக்கை மட்டும் கேட்டு வாங்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். தூங்குபவர்களுக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. இடப்பக்கம் கட்டில் எண், வலப்பக்கம் எத்தனை முறை கேட்டார்கள் என்பது. நான் எதிர்பார்த்தது நாலு பேர், பத்துப் பேர். உடம்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலர் இருப்பார்கள்தானே என்று.

பட்டியல் வந்தது. ஒன்றாம் கட்டில், இரண்டாயிரத்துச் சொச்சம். இரண்டாம் கட்டில், எண்ணூற்று நாற்பது. கீழே போனேன். இன்னும் கீழே. ஒரு பூஜ்யமாவது கண்ணில் படுமா என்று தேடினேன். நிம்மதியாகத் தூங்குகிற ஒருத்தி, ஒரே ஒருத்தி இருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைசிவரை பூஜ்யம் இல்லை. ஆகக் குறைந்தது அறுபத்திரண்டாம் கட்டில், இருநூற்றுப் பதினொன்று.

லாப்டாப்பைத் தயாளன் பக்கம் திருப்பினேன். “படிங்க.”

படித்தார். விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே கீழே வரை போனார்.

“எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தான் படுத்தாங்க மேடம்” என்றார் கடைசியில். அதை என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை.

“அத்தனை பேர் வாசலையும் தொறக்கப் போறேன்.”

“வேணாம். ப்ளீஸ். ஆர்டர் இருபதாம் தேதிதான் வருது. ஒரே நேரத்துல இருநூறு பேர் எழுந்தா? சமையல்காரர்கூட லீவுல இருக்கார். ஒரு நர்ஸ்தான் இருக்காங்க. நான் ஹெட் ஆபீஸ்ல பேசறேன். முறைப்படி ஒரு கமிட்டி போட்டு…”

“கமிட்டியா? இவ மூவாயிரத்து நானூறு தடவை கேட்டா. நீங்க எத்தனை தடவை கமிட்டி போட்டீங்க?”

“இது சட்டப்படி குற்றம் மேடம். எங்க நெட்வொர்க்ல எங்க அனுமதி இல்லாம நீங்க…”

“சாஃப்ட்வேர் உங்களதுன்னுதானே ஃபோன் போட்டீங்க?”

அவர் என் லாப்டாப்பின் மேல் கை வைத்தார், மூடுவதற்கு. அந்தக் கையை லூர்தம்மாள் பிடித்தார். ஒல்லியான கை, ஈரத் துண்டு பிழிந்து பிழிந்து இறுகிய கை. “விடுங்க சார்” என்றார். “நர்ஸம்மாவ நான் கூப்புடுதேன். கஞ்சியும் நானே வைக்கேன். நீங்க அடிங்கம்மா.”

அடித்தேன். இருநூற்றுப் பதினோரு லாப்டாப்பிலும் ஒரே ஒரு வார்த்தை மாறியது. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. யாரையும் எழுப்பவில்லை. எழ நினைப்பவர்கள் எழட்டும் என்று விட்டேன், அவ்வளவுதான்.

ஏற்கப்பட்டது என்று முதல் வரி ஒரு நிமிஷத்துக்குள் வந்தது. பிறகு இரண்டு, ஐந்து. பிறகு என்னால் எண்ண முடியவில்லை, திரை நிற்காமல் மேலே ஓடிக்கொண்டிருந்தது. தயாளன் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. நர்ஸ் ஓடிவந்தார். லூர்தம்மாள் கஞ்சிக்கு உலை வைக்கப் போகிற வழியில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டுப் போனார். 

முத்துப்பேச்சி கண்ணைத் திறந்தபோது பகல் ஒன்றே முக்கால். முதலில் கூரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவை. செல்லக்கனிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது, பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வாய் வரவில்லை. நர்ஸ் நாடி பார்த்து, பரவாயில்லை, வாயை மட்டும் நனையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினார். நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். இரண்டு மூன்று தடவை உறிஞ்சினாள்.

“பேசு தாயி, ஒரு வார்த்த பேசு” என்றார் செல்லக்கனி.

உதடு அசைந்தது. சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் வந்தது.

“எம்புட்டுக் கூப்பாடு போட்டேன்” என்றாள் முத்துப்பேச்சி. “ஒருத்தருக்கும் கேக்கலியாம்மா?”

“கேக்கலியே தாயி. பாவிக, வாசல அடச்சில்ல வச்சிருந்திருக்காக. இந்தா, இவுகதான் வந்து கண்டுபிடிச்சாக. இவுகதான் ஒன்னிய எழுப்புனாக. இவுக இல்லேன்னா நீ இல்ல.” செல்லக்கனி என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நன்றி சொல்லத் தெம்பில்லாமல் தலையை அசைத்தாள்.

அந்தக் கூடத்தில் காலையிலிருந்து எல்லார்மீதும் கத்தித் தீர்த்திருந்தேன். கத்த இன்னும் ஒருத்திதான் பாக்கி.

“எனக்குக் கேட்டுச்சும்மா” என்றேன். “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டுச்சு. உனக்கு முன்னாடி இங்க படுத்தவங்க தட்டுனது. தொந்தரவா இருக்கு, என்ன செய்யன்னு கேட்டாங்க. அடைச்சிருங்கன்னு சொன்னது நான்தான். எழுதிக் குடுத்ததும் நான்தான்.”

முத்துப்பேச்சிக்குப் புரிந்ததா தெரியவில்லை. செல்லக்கனிக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஏதாவது சொல்வார், ஏசுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். அதற்கு அடுத்த கட்டிலிலும். கூடம் முழுக்கப் போர்வைகள் அசைந்துகொண்டிருந்தன.

“கொஞ்சம் வழிய விடுங்க” என்றார் செல்லக்கனி. டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.